படகுப் பலகையில் ஒரு பிளேட்டு அலமாரி

நாவலூர்ல பதினாலாவது மாடியில குடியிருக்கிற என் பேத்தி வூட்டுக்காரன் போன மாசம் போன்ல ஒரு படம் அனுப்பினான். பழைய பாட்டு ரெக்கார்டு ஐந்நூறு சேர்த்து வெச்சிருக்கானாம். அத்த அடுக்க இரும்பு அலமாரி நல்லதா, மர அலமாரி நல்லதா, கண்ணாடிக் கதவு போடலாமான்னு கேள்வி. "தாத்தா, இதுல உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம்"னு ஒரு ஐஸு வேற. அனுபவம் அதிகம்தான், யாரு இல்லன்னது? ஆனா அது இன்னா மாதிரி அனுபவம்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைக் கேட்டிருக்கவே மாட்டான். சரி, எழுதியே குடுத்துடலாம்னு உக்காந்துட்டேன்.

மகாபலிபுரத்துல மஜீத் பாய் மைக் செட்டுக் கடையில முப்பத்தெட்டு வருஷம் வேலை பாத்தவன் நான். பேரு கன்னியப்பன். பொறந்தது கடலோரக் குப்பத்துல. எங்க நைனா பெரிய வலைப் படகு வெச்சிருந்தவரு. எங்க பக்கத்துல ஆம்பளைப் பையன் நடக்க ஆரம்பிச்சா அடுத்தது கடல்தான். எனக்கு ஒரே ஒரு குறை. படகு மூணாவது அலையைத் தாண்டறதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடும். சும்மா வாந்தி இல்ல, குடலே வெளிய வந்துடுமோன்னு பயப்படற வாந்தி. மீன் புடிக்கிற வூட்ல பொறந்துட்டு கடல்ல வாந்தி எடுக்கறவனுக்கு ஊர்ல இன்னா மரியாதை கிடைக்கும்? "வாந்தி" அப்படின்னே கூப்புடுவாங்க. பொண்ணுங்க முன்னாடியும் கூப்புடுவாங்க. அதனால கரையில ஒரு வேலை கிடைச்சா சாமிக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினேன். பாய் கடையில எடம் கிடைச்சுது. மொட்டையும் போட்டேன்.

அது ஐம்பதுகள். மொத ரெண்டு வருஷம் குழாய் ஸ்பீக்கரைத் தோள்ல தூக்கினேன், தென்னை மரம் ஏறிக் கட்டினேன், பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினேன். மூணாவது வருஷம் பாட்டுப் பொட்டிக்கு ஊசி மாத்த வுட்டாரு பாய். அதுதான் என் படிப்பு மொத்தமும்.

பாயைப் பத்திச் சொல்லியே ஆகணும். ஒல்லி ஆளு, வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் அத்தர். தெருமுனையில அத்தர் மொதல்ல வரும், பாய் அப்புறம் வருவாரு. சத்தம் போட்டுத் திட்டினதே கிடையாது. ஆனா அவரு கோவத்தைக் கண்டுபுடிக்க ஒரு வழி இருந்துச்சு. சந்தோஷமா இருந்தா என்னை "கழுதை"ம்பாரு. கோவம் வந்துட்டா "கன்னியப்பன் சார், கொஞ்சம் வாங்க"ம்பாரு. சார்னு காதுல வுழுந்தாலே இன்னா தப்பு செஞ்சோம்னு தேட ஆரம்பிச்சுடுவேன்.

ஒவ்வொரு கல்யாணம் முடிஞ்சு வந்ததும் எல்லாப் பிளேட்டையும் பரிசோதனை பண்ணுவாரு. ரெக்கார்டை நாங்க பிளேட்டுன்னுதான் சொல்லுவோம். நடு ஓட்டையில ஒரு விரலை வுட்டுத் தொங்க வுடுவாரு. இன்னொரு கை முட்டியால ஓரத்துல மெதுவா ஒரு தட்டு. "டிங்"னு வந்தா உறைக்குள்ள போவும். "டொக்"னு வந்தா எங்கியோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட அந்தத் தட்டுல தெரிஞ்சுடும். பாட்டு இருக்கற பக்கத்துல விரல் ரேகை பட்டா அன்னைக்கு நான் சார்தான்.

அந்தக் காலத்துப் பிளேட்டு இப்ப பேத்தி வூட்டுக்காரன் வெச்சிருக்கானே, அந்த மாதிரி வளையற சமாச்சாரம் இல்ல. அரக்குல செஞ்சது. நல்ல கனம். கீழ போட்டா அப்பளம்தான். எங்க கடையில தொள்ளாயிரத்துக்கு மேல இருந்துச்சு. அத்தனையும் சாதிக்காய்ப் பலகைப் பொட்டியில ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வெச்சிருந்தோம். ஒரு தடவை திருவிடந்தையில கல்யாணம். கல்யாணம் ஆகாதவங்க வேண்டிக்கினு போற பெருமாள் கோயில் ஊரு, கேக்கணுமா, கூட்டமான கூட்டம். பொட்டியைத் தொறந்து அடியில கைவிட்டா எட்டு பிளேட்டு துண்டு துண்டா கிடந்துச்சு. யாரும் போடல, யாரும் மிதிக்கல. மேல இருந்ததோட பாரம் தாங்காம ஒடைஞ்சது. பாய் ஒடைஞ்சதையெல்லாம் தோள் துண்டுல பரப்பி வெச்சிகினு மத்தியானச் சோறே தொடல.

"இனிமே ஒண்ணுகூடப் படுக்கக் கூடாது. பொஸ்தகம் மாதிரி நிக்கணும்"னு முடிவு பண்ணாரு. நிக்க வெச்சாலும் சாயக் கூடாது. சாஞ்சா வெயில் காலத்துல கோணிக்கும், ஊசி மேலயும் கீழயும் குதிக்கும். அதனால இருவது பிளேட்டுக்கு ஒரு தடுப்பு வேணும். ரொம்ப இறுக்கியும் வெக்கக் கூடாது, உறை கிழியும். கதவு வேணாம், காத்து போவணும். இப்படி ஒரு அலமாரிக்கு அலைஞ்சோம்.

இரும்பு வாங்கலாமேன்னு நான்தான் சொன்னேன். பாய் என்னைக் கடற்கரை டீக்கடைக்குக் கூட்டிக்கினு போனாரு. கதவுக் கீலை விரலால கிள்ளினாரு. பொரி மாதிரி உதிர்ந்துச்சு. "நாலு வருஷத்துக் கீலு. உப்புக் காத்துடா"ன்னாரு. டீக்கடைக்காரரு எங்களைத் திட்டினதுதான் மிச்சம்.

அப்புறம் திருக்கழுக்குன்றம் வழியா பஸ் புடிச்சு செங்கல்பட்டு போனோம், நாராயண ஆசாரியைப் பாக்க. தேக்குல அவரு செஞ்சா அறுபது வருஷம் அசையாது. ஆனா மனுஷன் தேர்ச் சக்கரத்து மேல உக்காந்துகினு, "தேர் வேலை முடியற வரைக்கும் வேற மரத்துல உளி வெக்க மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க பாய்"ன்னுட்டாரு. வைகாசிக் கல்யாணமெல்லாம் தலைக்கு மேல நிக்குது. பாய் மொகம் சுருங்கிப் போச்சு.

அங்கதான் என் வாய் சும்மா இருக்க மாட்டாம, "பாய், எங்க நைனா படகு ஒண்ணு மணல்மேட்டுல மோதி ஒடைஞ்சு கரையில கெடக்கு. பலகை ஒவ்வொண்ணும் இத்தினி அகலம். இருவது வருஷம் கடல்லயே இருந்தும் மக்கல. நம்ம கடையில வர்ற ஈரம் அத்த இன்னா பண்ணிடும்?"னேன்.

ஆசாரி உளியைக் கீழ வெச்சாரு. "டேய், உப்பு குடிச்ச மரம் மழை வந்தா அழும்டா."

"கடல்லயே அழாதது கடைக்கு வந்தா அழுவுமா? தொழில் போட்டியில பேசறீங்க ஆசாரி"ன்னேன். அந்த வயசுக்கு அந்தக் கொழுப்பு.

பாய் சிரிச்சுட்டாரு. "கழுதை யோசனை நல்லாத்தான் கீது." ஆனா பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள சிரிப்பு நின்னு போச்சு. "தோ பாரு, நீ சொல்லித்தான் செய்யறேன். பிளேட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா இங்க உனக்கு வேலை இல்ல. உங்க நைனாகூட வலை இழுக்கப் போயிடணும். சம்மதமா?"

சம்மதம்னேன். சொல்லும்போதே வாயில வாந்தி ருசி வந்துச்சு.

நைனா பலகை குடுக்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுவே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. "எடுத்துக்கினு போ. வலைக்கு ஒரு ஆளு கொறையுது, சீக்கிரம் வந்துடுவே"ன்னாரு. கரையில உக்காந்திருந்தவங்க அத்தினி பேரும் சிரிச்சாங்க.

எங்க பெரிய வலைப் படகுல ஆணியே கிடையாது. பலகை ஓரத்துல நாலு விரக்கடைக்கு ஒரு ஓட்டை போட்டு, கயிறு கோத்துத் தைக்கறது. ஓட்டைப் பலகையில அலமாரியான்னு மொதல்ல நானே வெக்கப்பட்டேன். பாய் பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இருவது பிளேட்டை உறையோட சேர்த்து ரெண்டு ஓட்டைக்கு நடுவுல நிக்க வெச்சாரு. அளவெடுத்த மாதிரி கச்சிதமா நின்னுச்சு. "டேய் கழுதை! தடுப்பு ரெடியா கீதுடா!"ன்னு குதிச்சாரு. மேல் பலகை ஓட்டையில இருந்து கீழ் பலகை ஓட்டைக்கு மூங்கில் குச்சி. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. இருவதுக்கு ஒரு அறை. அஞ்சு நாள்ல அலமாரி எழுந்து நின்னுச்சு.

படகுக்கு வருஷா வருஷம் சுறா எண்ணெய் பூசுவாங்க, மரம் ஊறாம இருக்க. அது எனக்குத் தெரியாதா இன்னா? தெரியும். அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாம்பல் போட்டுத் தேச்சு, சீயக்காய் போட்டுத் தேச்சு, கத்திரி வெயில்ல பத்து நாள் காய வெச்சிருந்தேன். மோந்து பாத்தேன், ஒரு வாடையும் இல்ல. பாயும் குனிஞ்சு மோந்து பாத்தாரு. "சுத்தம்"ன்னாரு. வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் எனக்குக் கடையில ராஜ மரியாதை. வர்றவங்க போறவங்களையெல்லாம் நிறுத்தி, கண்ணை மூடிக்கினு கேட்ட பிளேட்டை எடுத்துக் காட்டுவாரு பாய். "யோசனை நம்ம பையனோடது"ன்னு வேற சொல்லுவாரு. நான் காலரைத் தூக்கி வுட்டுக்குவேன்.

ஐப்பசி வந்துச்சு. மழையும் வந்துச்சு. கூடவே செங்கல்பட்டுல ஒரு வாத்தியார் வூட்டுக் கல்யாணமும் வந்துச்சு. ரிட்டயர் ஆன வாத்தியார். வெங்காயம், பூண்டுகூட வாசப்படி தாண்டாத வூடு.

மொத நாள் மத்தியானம் ரெண்டு பொட்டி பிளேட்டோட பஸ் ஏறினேன். பாய் மறுநாள் காலையில வர்றதா பேச்சு. பஸ் கெளம்பி கால் மணி நேரத்துல ஆளாளுக்கு மூக்கைப் பொத்தறாங்க. கண்டக்டர் நேரா எங்க குப்பத்துப் பாஞ்சாலி அக்காகிட்ட போய், "இன்னாம்மா, கருவாட்டுக் கூடையை உள்ள ஏத்தினு வந்துட்ட?"ன்னு ஒரே சத்தம். நானும் சும்மா இருந்திருக்கலாம். கண்டக்டரோட சேந்துகினு, "அதானே! பின்னால போய் உக்காரு அக்கா, பெரிய மனுஷங்க வர்ற பஸ்ஸு"ன்னேன்.

அக்கா கூடையைக் கவுத்துக் காட்டுனாங்க. கழுவித் தொடச்ச காலிக் கூடை. "நான் வெத்தலை வாங்கப் போறேன்டா. டேய் வாந்தி, உன் பொட்டியைத் தொறந்து மோந்து பாருடா!"

மோந்தும் பாத்தேன். ஒண்ணும் தெரியல. பொறாமையில பேசுறாங்கன்னு நெனச்சிகினேன்.

காலையில பந்தல்ல செட்டு ரெடி. மொத பிளேட்டு நாதஸ்வரம். நல்லாத்தான் எழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு மஞ்சப் பூனை வந்து பொட்டி பக்கத்துல உக்காந்துச்சு. சங்கீதம் தெரிஞ்ச பூனை போலன்னு நெனச்சேன். ரெண்டாவது வந்துச்சு. மூணாவது பாட்டுக்கு அஞ்சு பூனை. விரட்ட விரட்டத் திரும்பி வருது. பந்தியில மாப்பிள்ளையோட சித்தப்பா இட்லியைப் பிட்டவரு அப்படியே கையை உதறினாரு. "இன்னா இது? மீன் வாடை அடிக்குது!"

அடுத்த இலைக்காரரும் ஆமான்னாரு. அதுக்கப்புறம் பந்தி மொத்தமும் எழுந்துடுச்சு. சமையல்காரர் வெங்கு அடுப்புக் கொட்டாயிலிருந்து கரண்டியோட பாஞ்சு வந்தாரு. "முப்பது வருஷமா இந்தக் கரண்டி மீனைப் பாத்தது இல்ல! என் சமையலையா சொல்றீங்க?"ன்னு கத்திட்டு, இடுப்புத் துண்டை அவுத்து உதறி, பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. சித்தப்பா ஒரு பக்கம், "இந்த வூட்ல நாங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்"ங்கறாரு. வாத்தியார் நடுவுல கையைப் பிசைஞ்சிகினு நிக்கறாரு, பாவம்.

எனக்கு வேடிக்கையாத்தான் இருந்துச்சு, கூசாம சொல்றேன். சிரிச்சிகினே அடுத்த பிளேட்டை உறையிலிருந்து உருவினேன். விரல் வழுக்குச்சு. ஊசி முனையைப் பாத்தா பழுப்பா பிசுபிசுன்னு ஒரு பசை ஒட்டிக்கினு கீது. இது இன்னாடான்னு கையைத் தொங்க வுட்டேன். மஞ்சப் பூனை வந்து என் விரலை நக்குச்சு. நக்கிட்டு என் மொகத்தை நிமிந்து பாத்துச்சு.

அப்பதான் எனக்கு வெளங்குச்சு. மழை ஈரத்துல உப்புப் பலகை கசிஞ்சு, மரத்துக்குள்ள இருந்த எண்ணெயெல்லாம் உறையில இறங்கி, உறையிலிருந்து பிளேட்டுக்கு வந்துடுச்சு. ஆசாரி சொன்ன அழுகை இதுதான்.

அந்த நேரம் பாத்து பாய் பஸ் எறங்கி வந்தாரு. பிளேட்டை நீட்டினேன். மூக்குகிட்ட வெச்சு இழுத்தாரு. "ஒண்ணும் தெரியலையேடா."

"எனக்கும் தெரியல பாய். ஆனா பூனைக்குத் தெரியுது."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகினோம். பலகையை மோந்து பாத்தது மொத்தம் ரெண்டே மூக்கு. ஒண்ணு குப்பத்துல பொறந்து மீன் வாடையிலயே வளர்ந்த மூக்கு. இன்னொண்ணு அத்தர்ல ஊறின மூக்கு. மழை ஆரம்பிச்சப்புறம் ஊர் ஒலகத்துல வேற எவனைக் கூப்ட்டு மோந்து பாக்கச் சொல்லியிருந்தாலும் அப்பவே ஓடியிருப்பான்.

பொட்டிக்கு அடியில சாம்பிராணி போட்டு மறைச்சுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். யோசிக்கலன்னா பொய். வாயைத் தொறந்தா வேலை போச்சு, நாளைக்கே அலை, நாளைக்கே வாந்தி. தொறக்கலன்னா அந்த சமையல்காரரு முப்பது வருஷப் பேரைத் தொலைச்சுட்டு நடுத்தெருவுல நிப்பாரு. அவரு தன் கரண்டியையே ஒரு தடவை மோந்து பாத்துகினதைப் பாத்துட்டேன். அதான் என்னைக் கெடுத்துச்சு.

"வாத்தியாரய்யா, சமையல்காரரு மேல தப்பே இல்ல. நாத்தம் என் பொட்டியில. நேத்து பிளேட்டோட கருவாட்டைச் சேத்து வெச்சிகினு வந்துட்டேன். பாய்க்கு எதுவும் தெரியாது"ன்னேன். கடை பேராவது பொழைக்கட்டுமேன்னு பாதிப் பொய்.

பாய் என் தோளைப் புடிச்சு ஓரமா நகத்தினாரு. "பொய் சொல்றான். கருவாடு இல்ல வாத்தியாரே, படகு. ஒரு முழுப் படகை அறுத்து அலமாரி செஞ்சு வெச்சிருக்கேன். ஆர்டர் குடுத்தவன் நான்தான்"ன்னு எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னாரு.

 அப்புறம் மாப்பிள்ளையோட சித்தப்பா வயித்தைப் புடிச்சிகினு சிரிக்க ஆரம்பிச்சாரு. "படகுல பாட்டு வெச்ச மொத ஆளு நீங்கதான் பாய்!" பந்தியும் சிரிச்சுச்சு. வெங்கு மட்டும் சிரிக்கல. கரண்டியை என் பக்கம் நீட்டி, "பொட்டியைத் தூக்கினு தெருக்கோடிக்கு ஓடு"ன்னாரு. ஓடினோம். தெருக்கோடி மாட்டுக் கொட்டாய் வரைக்கும் ஒயரை இழுத்து, அங்கிருந்தே பாட்டுப் போட்டோம். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு வழி வுட்டு நிறுத்தினோம். ஒரு பாட்டு குறையல. மாடு ரெண்டு, பூனை ஒம்போது, நாங்க ரெண்டு பேரு, அதுதான் எங்க சபை.

திரும்பி வரும்போது பஸ்ஸுல பாய் என்னை வுட்டுத் தள்ளிப் போய் உக்காந்துட்டாரு. எறங்கினப்புறம்தான் சொன்னாரு. "கன்னியப்பன் சார், காலையில கடைக்கு வந்துடுங்க."

முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். காலையில போகும்போது குப்பத்துல வலை உலர்த்திகினு இருந்தாங்க. நைனா இன்னா ஆச்சுன்னு கேக்கவே இல்ல, சும்மா தள்ளி நின்னு வலை புடிக்க எனக்கும் ஒரு எடம் வுட்டாரு. அது வேற கொன்னுச்சு. எனக்கு அழுகை வந்துச்சு.

கடையில பாய் பிளேட்டு மொத்தத்தையும் எறக்கி, தரையில விரிச்ச கோரைப் பாய்ங்க மேல வெச்சிருந்தாரு. பக்கத்துல அண்டாவுல பூந்திக்கொட்டைத் தண்ணி. என் கையில ரெண்டு கொட்டாங்குச்சியைக் குடுத்தாரு. நடுவுல பாட்டு பேரு எழுதின காயிதம் ஒட்டியிருக்கும் இல்ல, அது மேல ரெண்டு பக்கமும் கொட்டாங்குச்சியைக் கவுத்துப் புடிக்கணும். அப்பதான் காயிதம் நனையாது. பஞ்சால சுத்திச் சுத்தித் தொடைச்சு, நல்ல தண்ணியில ஒரு முக்கு முக்கி, ரெண்டு கயித்துக்கு நடுவுல நிக்க வெச்சு ஒணத்தணும். ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம். தொள்ளாயிரம் பிளேட்டு. பழைய உறையெல்லாம் அடுப்புக்குப் போச்சு. மொத நாள் பூரா "அத்த எடுங்க", "இத்த புடிங்க", அவ்ளோதான். எல்லாம் மரியாதையோட. எனக்கு உள்ளுக்குள்ள பேஜாரு.

ரெண்டாவது நாள், சீக்கிரம் முடியட்டுமேன்னு, "பாய், ஸ்பிரிட்டுல தொடச்சா எண்ணெய் சட்டுனு போயிடுமே"ன்னு ஸ்பிரிட்டு பாட்டிலைத் தொறந்தேன்.

பாய் அண்டாவைத் தாண்டிக் குதிச்சு பாட்டிலைப் புடுங்கினாரு. "அரக்குடா இது! ஸ்பிரிட்டு பட்டா கரைஞ்சு ஓடிடும்டா கழுதை!"

சொல்லிட்டு பஞ்சை எடுத்துகினு வேலையைப் பாத்தாரு. இன்னா சொன்னாருன்னு அவருக்கே தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பூந்திக்கொட்டை நுரை பட்டுடுச்சுன்னு சொல்லித் தொடச்சிகினேன்.

பதினோரு பிளேட்டு தேறல. மத்ததெல்லாம் "டிங்". நாலாம் நாள் பாய் கணக்கு நோட்டை மூடிட்டுச் சொன்னாரு. "தேர் வேலை முடிஞ்சிருக்கும். செங்கல்பட்டு போயி ஆசாரிகிட்ட மரம் பாத்து, நீயே ஆர்டர் குடுத்துட்டு வா."

"நானா பாய்?"

"நீதான். ஆனா உன் மூக்கும் வேணாம், என் மூக்கும் வேணாம். ஒரு பூனையைப் புடிச்சிகினு போ."

வெளாட்டுக்குத்தான் சொன்னாரு. எனக்கு ரோஷம். எங்க குப்பத்துலயே கருவாடு காயப் போடற எடத்துல திரிஞ்சிகினு இருந்த ஒரு கறுப்புப் பூனையைக் கூடையில போட்டு மூடி பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் அது பாடிகினே வந்துச்சு.

ஆசாரி பட்டறையில தேக்குப் பலகை, வேங்கைப் பலகை எல்லாம் வரிசையா கிடத்தி வெச்சிருந்தாரு. கூடையைத் தொறந்து வுட்டேன். பூனை ஒவ்வொண்ணா மோந்துகினே நடந்துச்சு. ஒண்ணையும் நக்கல, மீன் வாடை இல்லன்னு அர்த்தம். கடைசியா அகலமான ஒரு தேக்குப் பலகை மேல ஏறி, ஒரு சுத்து சுத்தி, சுருண்டு படுத்துத் தூங்கிடுச்சு.

ஆசாரி ரம்பத்தோட வந்து நின்னாரு. "இது யாருடா?"

"எங்க கடை மேஸ்திரி. இவரு படுத்திருக்கறதுதான் வேணும்"னேன்.

ஆசாரி பூனையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ரம்பத்தை ஓசைப்படாம கீழ வெச்சாரு. "சரி, எழுந்திருக்கட்டும். அறுக்கறேன்"ன்னாரு.